சத்தமாக வாசியுங்கள், மற்றது அப்புறம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறீர்கள். நீங்களும் மனைவியும் ஐ.டி. வேலை. பதினாலு வயதில் மகன், ஒன்பது வயதில் மகள். அப்பா தவறிய பிறகு அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து உங்களோடு இருக்கிறார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன், சாப்பிடும்போதுகூட நாலு வார்த்தை தேறுவதில்லை. பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. எல்லாரும் சேர்ந்து புத்தகம் வாசித்தால் இது மாறுமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

மாறும் என்றுதான் நினைக்கிறேன். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தபோதும், அப்புறம் ஜீவன்பீமா நகர் வட்டாரத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்க ஆரம்பித்த பிறகும், அப்படி மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் எல்லாம் யாரோ ஒருவர் சத்தமாக வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். கூடத்தில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்த வீடுகளும் உண்டு. அங்கே நல்ல வாசகர்கள் வந்தார்கள், பேச்சு வரவில்லை.

இதைச் சொன்னதும் கப்பன் பூங்காவைக் காட்டுவார்கள். சில வருடங்களாக அங்கே சனிக்கிழமைகளில் ‘கப்பன் ரீட்ஸ்’ என்று கூடுகிறார்கள். பாய் விரித்து, கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்து, பேசாமல் வாசிப்பார்கள். இந்தப் பழக்கம் இங்கிருந்து வேறு பல ஊர்களுக்கும் பரவியது. தனியாக பி.ஜி.யில் தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை மீட்டிங்கில் பேசியே தொண்டை வற்றிப்போன இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் மனிதர்களுக்கு நடுவே இருக்கலாம். உங்கள் வீட்டில் நிலைமை வேறு. பேசாமல் பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் வீட்டு வியாதி, அதையே மருந்தாகவும் கொடுத்தால் எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார் என்கிறது. ஆளே இல்லாமல் இருப்பது வேறு, ஆட்கள் இருந்தும் தனியாக உணர்வது வேறு என்று அது பிரித்துப் பேசுகிறது. உங்கள் அம்மா இரண்டாவது வகையில் வருவார் என்று உங்கள் கேள்வியின் தொனியே சொல்கிறது. ஒருவேளை உங்கள் மகனும்.

சத்தமாக வாசிப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. அம்மாவிடம் பெரிய எழுத்துப் புத்தகங்கள் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று அட்டையிலேயே போட்டு விற்றார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பதற்குத் தோதான அச்சு. கோயில்களில் பாரதம் படிப்பதும், டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க மற்றவர்கள் நடுவில் புகுந்து கருத்துச் சொல்வதும் இதே வழக்கம்தான். எல்லாம் கலாசார ஆர்வத்தால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர். பெண்களில் 9 பேருக்கும் குறைவு. பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் தலையில்தான் வாசிக்கிற வேலை விழும். கடிதமா, கதையா, கோர்ட்டு நோட்டீஸா, எதுவானாலும்.

அப்புறம் வாரப் பத்திரிகைக் காலம் வந்தது. கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரை வாரம் ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம் என்று ஓடியது. இன்று அதே கதையை வார இறுதியில் ஒரே மூச்சாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு அது முடியாது. வாசிப்பு ஒரு நாள், அடுத்து என்ன ஆகும் என்ற வாதம் ஆறு நாள். தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்கள்; நடுவே பாதி ஜோக்கும் தலைவலி மாத்திரை விளம்பரமும் கிடக்கும். இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பத்திரிகை முதலில் வீட்டு ஆண்கள் கைக்குப் போகும். சமையல்கட்டில் இருந்தவர்களுக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் கிடைக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் வீட்டுக்கும் தேவைப்படும்.

அன்று எழுத்து தெரிந்த பேரப்பிள்ளை எழுத்து தெரியாத பாட்டிக்கு வாசித்தது. இன்று உங்கள் வீட்டில் அது தலைகீழ்: படிக்கத் தெரிந்த பாட்டி, தெரியாத பேத்தி. பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதைத் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வசதியாகப் படுகிறது. எழுத்து தெரிந்திருந்தால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். தெரியாததால் இன்னொருவர் குரல் அவளுக்கு வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கோ தன் குரலைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த இரண்டு தேவையும் ஒரே சோபாவில் சந்திக்கட்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போய் யாராவது வாசித்துக் காட்டுவார்களா, அதெல்லாம் மூன்று வயதோடு முடிந்ததில்லையா என்று உங்கள் மனைவி கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கைக்குழந்தையிலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது, அதனால் இது சின்னக் குழந்தைகள் விவகாரம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது பல வருடங்கள் முன்னே ஓடும். ஏறக்குறைய எட்டாம் வகுப்பு வாக்கில்தான் இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும். உங்கள் மகளுக்குத் தமிழில் அந்த இடைவெளி இன்னும் பெரியது: படிப்பதில் பூஜ்யம், கேட்பதில் ஒன்பது வயது. அவள் காதுக்கு ஏற்ற கதையை எடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தால் அவமானப்பட்டு ஓடிவிடுவாள்.

எப்படித் தொடங்குவது? முதல் நாள் நீங்கள் வாசியுங்கள். அம்மாவிடம் ‘நீங்க வாசிங்கம்மா’ என்று சட்டென்று நீட்டினால் கூச்சப்படுவார், கண்ணாடி சரியில்லை என்பார். கண்ணாடி நிஜமாகவே சரியில்லாமலும் இருக்கலாம். வந்ததிலிருந்து கண் மருத்துவரிடம் காட்டாமல் இருந்தால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். கால் மணி நேரம் போதும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள், பிள்ளை கெஞ்சினாலும் நிறுத்துங்கள். மறுநாள் வரை அது வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கட்டும். போன்கள் வேறு அறையில், உங்களுடையது முதலில். வேலையில் ஆன்-கால் இருக்கிற நாள் என்றால் அன்றைக்கு வாசிப்பே வேண்டாம்; ஒரு கண்ணை போனில் வைத்துக்கொண்டு வாசிக்கிற அப்பாவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்கிறவர்கள் கையைக் கட்டி உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மகள் படம் வரையட்டும், தரையில் புரளட்டும். கைக்கு வேலை இருந்தால் காது இன்னும் நன்றாகத் திறக்கும். கேரளத்துக் கண்ணூர் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை நாளிதழும் நாவலும் வாசிக்க உட்கார்த்திவிட்டு, அவர் பங்குப் பீடியைத் தாங்களே சுற்றிக் கொடுத்தார்கள் என்பது பிரசித்தம். நம் ஊரில் அதற்கென்றே ஒரு பருவம் வருகிறது: மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு முழுக்க அவரைக்காய் குவியும். உரித்து, ஊறவைத்து, ஒவ்வொரு பருப்பாகப் பிதுக்கி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும், நாலு பேர் கை வேண்டும். இதைவிட நல்ல வாசிப்பு நேரம் எனக்குத் தெரியாது.

நடுவில் என்ன கேட்பது என்பது முக்கியம். 1988-ல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதிப் பெற்றோர் வழக்கம்போல் படக்கதை வாசித்தார்கள். மற்றவர்கள் ‘அப்புறம் என்ன ஆச்சு, அவன் ஏன் அப்படிப் பண்ணான்’ என்று குழந்தையையே சொல்லவிட்டு வாசித்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டாவது கூட்டத்துக் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை அவர்கள் குறைத்திருந்தார்கள். நம் வீடுகளில் இது வேறு மாதிரித் தடம் புரளும்: ‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?’ என்று கேட்டுவிடுவோம். அந்த வாக்கியம் விழுந்த நிமிஷம் கதை பாடமாகிவிடுகிறது. பிள்ளை எதுவும் சொல்லவில்லை என்றால் விடுங்கள். மூன்று நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது கேட்பாள், ‘அந்த ராஜாவுக்கு வேற வேலையே இல்லையா?’ என்று. அதற்காகத்தான் இவ்வளவும்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். இதில்தான் பல பெங்களூருத் தமிழ் வீடுகள் இடறி விழுகின்றன. உங்கள் மகள் கேட்டு வளர்ந்தது வீட்டுத் தமிழ், கொஞ்சம் சினிமாத் தமிழ். மதுரையிலோ சேலத்திலோ வளரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகம், செய்தி, மேடைப் பேச்சு, சுவரொட்டி என்று எழுத்துத் தமிழ் நாலு பக்கமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இங்கே விழாது. நீங்கள் ‘அவன் மெதுவாகக் கதவைத் திறந்தான்’ என்று வாசித்ததும், ‘ஏன் எல்லாரும் இப்படிப் பேசறாங்க?’ என்பாள். சிரிக்கவும் செய்வாள். பெற்றோர் உடனே ஒவ்வொரு வாக்கியத்தையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்க ஆரம்பிப்பார்கள், பத்து நிமிஷத்தில் களைத்துப் போய் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அவசியமே இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடி வாசியுங்கள். புரியாத இடத்தில் அம்மா தன் பேச்சில் ஒரு வரி சொல்லட்டும். எல்லாச் சொல்லுக்கும் நிற்க வேண்டாம். பத்தில் இரண்டு சொல் புரியாமல் போனாலும் கதை தன் பாட்டுக்குப் போகும். சில வாரத்தில் காது பழகிவிடும். இந்தத் தமிழ் அவள் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்கப் போவதில்லை, உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

தொடக்கத்துக்குப் பேச்சு அதிகம் உள்ள கதைகளாக எடுங்கள். அம்மா திருநெல்வேலிக்காரர் என்பது பெரிய சௌகரியம். தென் மாவட்டத்து நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் நிறைய அச்சில் இருக்கின்றன. அந்தப் பேச்சு வழக்கை நீங்கள் வாசித்தால் பாதி உயிர்தான் இருக்கும். அம்மா வாசித்தால் ஏற்ற இறக்கத்தோடு வரும். அவர் ‘ஏலே, இது இப்படியில்ல, எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாக’ என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தானே சொல்ல ஆரம்பிக்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்குப் புத்தகத்தைத் திரும்ப எடுக்காதீர்கள்.

கன்னடத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். கர்நாடகத்தில் 2015-ல் வந்த கன்னடக் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் ஒரு மொழிப் பாடம், அதனால் மகளுக்குக் கன்னட எழுத்து ஓரளவு தெரிந்திருக்கும். அப்படியென்றால் தமிழ் எழுத்து மலையில்லை. அ, ஆ, இ, ஈ வரிசையும் க, கா, கி, கீ வரிசையும் அவளுக்குப் பழக்கம். கன்னடத்தில் ஐந்து எழுத்து நிற்கும் ககர வரிசையில் தமிழில் க, ங என்று இரண்டே நிற்கும். ‘கல்’லிலும் ‘தங்க’த்திலும் ஒரே எழுத்தை வேறு வேறாக ஒலிக்க வேண்டுமா என்று குழம்புவாள், ஆனால் பேசத் தெரிந்த பிள்ளை என்பதால் சொல் பிடிபட்டதும் ஒலி தானாக வந்துவிடும். இதற்கென்று தனியாக டியூஷன் வைக்காதீர்கள். வாசிக்கும்போது வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள், அவளாகக் கேட்கும்வரை காத்திருங்கள். கேட்காமலே போனாலும் நஷ்டம் இல்லை.

பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தைத் தொடங்கியது. அதே படம், அதே கதை, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நாலு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். நீங்கள் தமிழ்ப் பக்கத்தை வாசியுங்கள், மகள் அதே பக்கத்தைக் கன்னடத்தில் வாசிக்கட்டும். பாட்டி முன்னால் தனக்குத் தெரிந்த ஒன்றைக் காட்டிக்கொள்ள அவளுக்கு ஓர் இடம் கிடைக்கும். எப்போதும் தெரியாதவளாகவே உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. எதிர் வீட்டுக் கன்னடக் குழந்தையையும் கூப்பிடலாம். சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகள் போடுகிறது, அவையும் இதற்கு ஏற்றவை.

அல்சூரில் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-ல் நிறுவப்பட்டு, எதிர்ப்பால் பதினெட்டு வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அரசியல் கணக்கு எதுவாக இருந்தாலும், வீட்டுக்கு இதில் ஒரு நல்ல யோசனை உண்டு: நம்முடையது இரண்டு வரி, சர்வக்ஞருடையது மூன்று வரி. ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது. மனப்பாடம் வேண்டாம், ‘இதை ஒத்துக்கிறியா?’ என்று மட்டும் கேளுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் வள்ளுவரோடு ஒத்துப்போக மறுத்து அரை மணி நேரம் வாதாடினான், அவன் தாத்தா சந்தோஷமாகத் தோற்றார்.

பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 பொங்கலன்று தொடங்கிய இணையத் தொகுப்பு. காப்புரிமை முடிந்த, நாட்டுடைமையான பல நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். டேப்லெட்டில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் அம்மாவுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் திரும்பக் கிடைத்த கணக்கு. ஆனால் பிள்ளைகளோடு வாசிக்க என் ஓட்டு அச்சுப் புத்தகத்துக்கே. திரை என்றால் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் எட்டிப் பார்க்கும், அதோடு அன்றைய வாசிப்பு சரி.

மகன் விஷயம். பதினாலு வயதுப் பையனைப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். கூடத்தில் வாசிப்பு நடக்கட்டும், அவன் தண்ணீர் குடிக்க வருகிறவன் மாதிரி இரண்டு முறை குறுக்கே போவான். காதில் விழுவது விழும். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாட்டி சொல்லும் கதைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவது. தொழில்நுட்ப வேலை என்றால் கௌரவத்துக்கு இழுக்கில்லை, ஒரே கதையை மூன்று முறை கேட்க வேண்டியும் இருக்கும். அவன் விரும்பிப் படிக்கிற ஆங்கில நாவல் எதுவோ அதை நீங்களும் தனியாகப் படியுங்கள். படித்தேன் என்று அறிவிக்காதீர்கள். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் இருவரும் காரில் மாட்டியிருக்கும் ஒரு நாளில் அதில் வரும் ஒருவனைத் திட்டிப் பேச்சை ஆரம்பியுங்கள். எதிர்த்து வாதாட வருவான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வி முழுக்க அம்மாவும் பிள்ளைகளும்தான் வருகிறார்கள், மனைவி ஓர் ஆட்சேபம் சொல்பவராக மட்டும் ஒரு வரியில் வருகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் நீங்கள் கதை வாசித்துக் கைதட்டல் வாங்க, அவர் உள்ளே மறுநாள் டிபனுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால், பத்திரிகை சமையல்கட்டுக்குக் கடைசியாகப் போன அந்தப் பழைய கதைதான் மறுபடியும். ஒன்று, எல்லாரும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு அங்கே வாசியுங்கள். புத்தகம் தேர்ந்தெடுப்பதும் முறை வைத்து நடக்கட்டும். அம்மா புராணம் கேட்பார், மகள் பேய்க் கதை கேட்பாள், மனைவிக்கு இரண்டிலும் ஆர்வம் இருக்காது. அவரவர் முறை வரும்போது மற்றவர்கள் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு சிறுகதை வாசித்துப் பாருங்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மாதாந்திரத் தவணை, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை ஆகிய மூன்றையும் தவிர்த்து நாலாவதாக ஒன்றைப் பேச அது வழி தரும்.

வீட்டுக்கு வெளியே என்றால், 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊதா வழி மெட்ரோவில் ஏறினால் அல்சூரில் இறங்கலாம். நகரின் தெற்குப் பக்கம் வந்தால் பசவனகுடியில் 1945-ல் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர், நல்ல நூலகம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. அதைத் தொடங்கிய பி.பி. வாடியாதான் 1918-ல் திரு.வி.க.வோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது அம்மாவிடம் சொல்ல ஒரு கதை ஆச்சு.

ஆனால் அம்மாவுக்கு வாராவாரம் மெட்ரோ ஏறுவது நடக்கிற காரியமா தெரியவில்லை. உங்கள் அடுக்ககத்துக்குள்ளேயே பாருங்கள். மாலையில் குழந்தைகள் விளையாடும் இடத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் தமிழ்க்காரர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள், பாதிப் பேர் ‘பையன் வீட்டுக்கு வந்திருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்காக இருப்பவர்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் பகுதியில் ‘த ரீடர்’ என்ற அறக்கட்டளை நடத்தும் வாசிப்புக் கூட்டங்களின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யாரும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டாம். ஒரு சிறுகதையையோ கவிதையையோ அங்கேயே சத்தமாக வாசிப்பார்கள், நடுநடுவே நிறுத்துவார்கள், தோன்றுகிறவர் பேசலாம், தோன்றாதவர் சும்மா கேட்கலாம். வீட்டுப்பாடம் இல்லாததால் ‘படிக்கலையே’ என்ற தயக்கத்தில் வராமல் நின்றுவிடுவது குறைகிறது. நம் புத்தகக் குழுக்கள் பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான் மூன்றாவது மாதம் படுத்துவிடுகின்றன. பத்துப் பக்கத்துக்குள் முடியும் கதையாக எடுத்து, கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் வாசித்தால் போதும். நாலு பேர் வந்தாலே கூட்டம்தான்.

வாசிப்பிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். அம்மா கணவரை இழந்திருக்கிறார், ஊரையும் விட்டு வந்திருக்கிறார். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் கதை வாசித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதன் மைய நிறுவனம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. அம்மா பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போவார், போனால் இரண்டு மாதம் அங்கேயே தங்கிவிடுவார். அதனால் எந்தப் புத்தகத்தையும் இரண்டு பிரதி வாங்குங்கள். பெங்களூருவில் 2022 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகத் திருவிழா நடக்கிறது, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கவே இருக்கிறது. ஒரு பிரதி அம்மாவின் பையில், ஒன்று இங்கே. இரவு எட்டரைக்கு அவர் அங்கிருந்து போனில் வாசிக்கட்டும், இங்கே ஸ்பீக்கரில் போட்டு மகள் பக்கத்தைப் புரட்டட்டும். வீடியோ வேண்டாம், முகத்தைச் சட்டத்துக்குள் வைப்பதிலேயே அம்மாவின் கவனம் போய்விடும். அவரால் முடியாத நாளில் நீங்கள் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் அடுத்த இரண்டு பக்கத்தை வாய்ஸ் நோட்டாக வாசித்து இருவருக்கும் அனுப்பிவிடலாம், மெட்ரோ அறிவிப்புச் சத்தம் நடுவில் புகுந்தாலும் பரவாயில்லை.